புது ரிஜிஸ்டர் வேண்டாம், இருக்கிற ரிஜிஸ்டரில் தேடுவது எப்படி?

தென்றல்_ஸ்டாஃப்

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வருடம் குவாலிட்டி வேலையையும் என் தலையில் கட்டினார்கள், வார்டு டியூட்டி அப்படியேதான் இருக்கிறது. மாதம் பிறந்தால் என்.கியூ.ஏ.எஸ். இண்டிகேட்டர், எச்.எம்.ஐ.எஸ். மாத ரிப்போர்ட், பிக்மி கர்ப்பப் பதிவு என்ட்ரி, லக்ஷ்யா ஷீட் என்று ஒரே பிரசவக் கணக்கைப் பல படிவங்களில் எழுதுகிறோம். எல்லாம் மேலே போகிறது. எண் தப்பு என்று வரும் போனைத் தவிர, கீழே எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

என் கேள்வி சின்னது. எங்கள் லேபர் ரூமிலும் தியேட்டரிலும் பிறந்து எஸ்.என்.சி.யூ.வுக்கு, அதாவது நோயுற்ற பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குப் போகும் குழந்தைகளில் எத்தனை பேர் உடம்பு சில்லிட்டுப் போய்ச் சேர்கிறார்கள்? அங்கே வேலை செய்யும் தோழி "நிறைய" என்கிறாள். நிறைய என்றால் எவ்வளவு, சிசேரியனிலா நார்மலிலா, இரவிலா பகலிலா, யாருக்கும் தெரியாது. இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டேன், "ஒரு ரிஜிஸ்டர் போட்டு எழுத ஆரம்பி" என்றார். எங்கள் ஸ்டேஷனில் இருக்கும் ரிஜிஸ்டர்களை விரித்து வைத்தால் ஏற்கெனவே மேசை தெரியாது. யாரையும் புதிதாக ஒரு வரிகூட எழுத வைக்காமல், இருப்பதிலிருந்தே இதை எடுக்க முடியுமா? எங்கே தேடுவது, யாரிடம் அனுமதி கேட்பது, எதிக்ஸ் கமிட்டி வேண்டுமா, கடைசியில் எனக்கே மெமோ வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகட்டு

சிஸ்டர், நான் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஆள், வேறு மாவட்டம். புது ரிஜிஸ்டர் போடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

நீங்கள் தேடுவது எஸ்.என்.சி.யூ. கேஸ் ஷீட்டின் தொடக்கத்திலேயே இருக்கும். அட்மிஷன் நேரம், எடை, வெப்பநிலை, இன்பார்னா (இங்கேயே பிறந்ததா) அவுட்பார்னா (வெளியே பிறந்து வந்ததா), எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. பிரசவம் எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு என்பது லேபர் ரூம் ரிஜிஸ்டரில். சிசேரியன் என்றால் தியேட்டர் ரிஜிஸ்டரிலும். தாயின் ஐ.பி. நம்பரை (உள்நோயாளி எண்) வைத்துக்கொண்டு மூன்றையும் சேர்த்துவிடலாம். போன மூன்று மாதத்து இன்பார்ன் அட்மிஷன்களை எடுங்கள், ஒரு குழந்தைக்கு ஒரு வரி, ஐந்தாறு கட்டம், அவ்வளவுதான். கம்ப்யூட்டரே வேண்டாம், கோடு போட்ட நோட்டு போதும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள், எங்கள் ஆஸ்பத்திரியில் இது ரொம்ப உதவியது. எந்தத் தகவல் எங்கே கிடைக்கும் என்று ஒரே ஒரு தாள். ரிஜிஸ்டர் பெயர், யார் எழுதுகிறார், எந்த வருடத்திலிருந்து இருக்கிறது, எந்தக் கட்டம் ஒழுங்காக நிரம்பும், எந்தக் கட்டம் எப்போதும் காலி, சாவி யாரிடம். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். பெரிய ஆஸ்பத்திரிகளில் லட்சக்கணக்கில் செலவு செய்து சாஃப்ட்வேர் வாங்கிச் செய்வதும் அடிப்படையில் இதுதான், அதில் சாவி விவரம் மட்டும் இருக்காது.

இன்னொன்று. எந்தக் கட்டம் நம்பிக்கையானது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அது காலியாக இருந்தால் யாருக்காவது வேலை நிற்குமா என்று பாருங்கள். பிக்மி நம்பர் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழில் சிக்கல் வரும், அப்பா வந்து சத்தம் போடுவார், அதனால் அந்த நம்பர் சரியாக இருக்கும். டிஸ்சார்ஜில் "குணமடைந்தார்" என்ற சொல்லால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை, அதனால் எல்லோருமே குணமடைந்துதான் போகிறார்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் "இருதயமும் சுவாசமும் நின்றது" என்று எழுதுவதும் அப்படித்தான். யாருக்குத்தான் நிற்காது? அந்தக் கட்டுகளை வைத்துக்கொண்டு ஊரில் மக்கள் எதனால் சாகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது.

கோட்எழுதி

மன்னிக்கவும், நோட்டு, தாள், சாவி... 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் வந்துவிட்டது. ஆபா நம்பர் என்ற சுகாதாரக் கணக்கு எண் ஒன்று இருந்தால் ஒருவருடைய எல்லா ஆவணமும் இணைந்துவிடும். அதற்கு மேல் ஒரு ஏ.ஐ. வைத்தால் சிஸ்டர் தமிழில் கேட்கலாம், அது பதில் சொல்லும். இப்போது கையால் எண்ணுவது நேர விரயம் இல்லையா?

பழையகட்டு

தம்பி, நல்லது, வரட்டும். அதுவரைக்கும் எங்களிடம் வரும் முருகேசனைப் பற்றிச் சொல்கிறேன். ஓ.பி. சீட்டில் கே. முருகேசன். லேப் ஸ்லிப்பில் முருகேசன் கே. ஆங்கிலத்தில் அவர் பெயரை எழுத நான்கைந்து விதம் உண்டு, கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது. காப்பீட்டு அட்டையில் அப்பா பெயர் இனிஷியலாக இல்லை, முழுசாக இருக்கிறது. வயது ஒரு தடவை 50, அடுத்த தடவை 55, நடுவில் இருக்கும் வயது யாருக்குமே கிடையாது. போன் நம்பர் மகனுடையது, அதே நம்பரில் அவர் மனைவியும் மாமியாரும் பதிவாகியிருக்கிறார்கள். இவர் ஒருவரா மூவரா என்பதை உங்கள் ஏ.ஐ. சொல்வதற்கு முன்னால் யாராவது அதற்குச் சொல்லித்தர வேண்டும்.

ஆபா நம்பரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது எதிர்காலத்தை இணைக்கும். சிஸ்டர் கேட்பது போன மாதத்துக் குழந்தைகளை.

நுண்நோக்கி

நான் மைக்ரோபயாலஜி. வேறு உதாரணம் ஒன்று தருகிறேன், ஏனென்றால் எந்த ஆஸ்பத்திரியிலும் மிக அதிகமாகச் சேர்ந்து மிகக் குறைவாகப் பயன்படுவது எங்கள் லேப் தகவல்தான் என்பது என் எண்ணம்.

தினமும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, மாதிரிகள் வருகின்றன. யூரின், ரத்தம், சீழ். ஈ.கோலை கிருமி வளர்ந்தது, இந்த மருந்துக்குக் கேட்கும், இதற்குக் கேட்காது என்று ரிப்போர்ட் போகிறது. அந்த ரிப்போர்ட் அந்த நோயாளிக்கு உதவும், சில சமயம் அவர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு போய்ச் சேரும். அப்புறம் ரிஜிஸ்டரில் கிடக்கும். அதே ரிப்போர்ட்டுகளை வருடத்துக்கு ஒரு முறை கூட்டிப் பார்த்தால், நம் ஊரில் நம் ஆஸ்பத்திரிக்கு வரும் மூத்திரத் தொற்றுக்கு எந்த மருந்து முதலில் கொடுக்கலாம் என்று ஒரு பக்கத்தில் சொல்லிவிடலாம். இதைத்தான் ஆன்டிபயோகிராம் என்கிறோம். கல்ச்சர் முடிவு வருவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை டாக்டர் அனுமானத்தில்தான் மருந்து எழுதியாக வேண்டும். அந்த அனுமானம் உள்ளூர்க் கணக்கை வைத்து இருப்பது நல்லதா, மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்த பிரசுரத்தை வைத்து இருப்பது நல்லதா?

இதற்கு வூநெட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக பாஸ்டனில் பிரிகாம் மருத்துவமனையில் உருவாக்கியது, சாதாரண கம்ப்யூட்டரில் ஓடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2013ல் தொடங்கிய மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பில் வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி ஜிப்மரும் முக்கிய மையங்கள், அவர்கள் எண்கள் ஆண்டறிக்கையாகவே வெளிவருகின்றன. ஆனால் ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வருபவர் ஏற்கெனவே நாலு இடத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுவிட்டு வருபவர்.

கூட்டும்போது எங்கே கோட்டை விடுவோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது சிஸ்டரின் கணக்குக்கும் பொருந்தும். ஐ.சி.யூ.வில் ஒரே நோயாளிக்குப் பல தடவை கல்ச்சர் அனுப்புவார்கள், ஒவ்வொரு தடவையும் அதே அடங்காத கிளெப்சியெல்லா கிருமி வளரும். எல்லாவற்றையும் கூட்டினால் ஆஸ்பத்திரி முழுக்கவே எதிர்ப்பு பரவிவிட்டதாகத் தெரியும். அதனால் ஒரு நோயாளி, ஒரு கிருமி, முதல் கல்ச்சர் மட்டும். ஒரு கிருமி வகைக்குக் குறைந்தது 30 நோயாளிகள் இல்லாவிட்டால் சதவீதம் போடாதீர்கள், இது லேப் தரநிலைகளை வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் வழிகாட்டுதலே சொல்வது. ஐ.சி.யூ.வை வார்டிலிருந்து பிரித்துப் போடுங்கள். உங்கள் எஸ்.என்.சி.யூ.விலும் ஒரே குழந்தை வெளியே போய்த் திரும்ப அட்மிட் ஆகியிருக்கும், இரண்டு தடவை எண்ணிவிடாதீர்கள்.

கேஷுவாலிட்டி24

எல்லாம் சரி, மெமோ கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன். வரும். அல்லது வராது, ஆனால் மீட்டிங்கில் நிற்க வைப்பார்கள். எண்ணை எடுத்தவன் எண்ணுக்குப் பொறுப்பாளியாகிவிடுகிறான்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, எண்ணைத் தப்பாகப் படிப்பது. எங்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் இருந்தெல்லாம் ரெஃபர் செய்து அனுப்புவார்கள், பாதி பேர் கடைசி நேரத்தில் வருவார்கள். பக்கத்து ஊர் சின்ன ஆஸ்பத்திரியில் இறப்பு குறைவு, எங்களிடம் அதிகம். யார் நன்றாக வேலை செய்கிறார்கள்? இறப்பு விகிதத்தை மட்டும் பார்த்தால் அவர்கள்தான். அது மட்டுமில்லை, இனித் தேறாது என்று தெரிந்ததும் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் குடும்பங்கள் எத்தனை? ரிஜிஸ்டரில் அவர்கள் ஏ.எம்.ஏ., மருத்துவ ஆலோசனையை மீறிச் சென்றவர்கள். வழியில் இறந்தாலும் எங்கள் கணக்கில் இல்லை. எந்த வார்டில் இறப்பு குறைந்து ஏ.எம்.ஏ. கூடியிருக்கிறதோ அங்கே எனக்குச் சந்தேகம் வரும், பாராட்டு வராது.

ஆகவே சிஸ்டர், தேடுங்கள், ஆனால் இரண்டு ஆஸ்பத்திரியை ஒப்பிடாதீர்கள், இரண்டு நர்ஸை ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். உங்கள் ஆஸ்பத்திரியின் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள்.

குளிர்தேசம்

இங்கிலாந்தில் நர்ஸ், ஊர் திருநெல்வேலிப் பக்கம். கேஷுவாலிட்டி24 சொன்ன பயம் நியாயமானது, ஆனால் பயந்து பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கே ஒரு பழைய வழக்கு உண்டு. பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரியில் குழந்தைகளுக்கு இருதய அறுவை சிகிச்சை. 1988ல் சேர்ந்த ஸ்டீபன் பால்சின் என்ற மயக்க மருந்து டாக்டருக்கு அறுவை சிகிச்சைகள் நீளமாகப் போவதும் குழந்தைகள் இறப்பதும் உறுத்தியது, தானே கணக்கெடுக்க ஆரம்பித்தார். மேலே சொன்னார், கேட்கவில்லை. பின்னால் இயன் கென்னடி தலைமையில் விசாரணை நடந்து 2001ல் அறிக்கை வந்தது. 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மற்ற இடங்களில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 பேர் அதிகமாக இறந்திருக்கிறார்கள்.

அந்த அறிக்கையில் எனக்கு மறக்காத விஷயம், பிரிஸ்டலில் தகவலுக்குப் பஞ்சமே இல்லை என்று அவர்கள் கண்டது. 80களின் கடைசியிலிருந்தே கேள்வி கேட்கப் போதுமான அளவு குவிந்து கிடந்தது. டாக்டர்களின் லாக் புத்தகம், ஆஸ்பத்திரி நிர்வாகக் கணக்கு, தேசியப் பதிவேடு. எடுத்து வைத்துப் பார்ப்பது யார் வேலை என்பதுதான் யாருக்கும் எழுதி வைக்கப்படவில்லை. அதற்குப் பிறகுதான் இங்கே இருதய அறுவை சிகிச்சை முடிவுகளை வெளிப்படையாகப் போடும் பழக்கம் வந்தது.

கோட்எழுதி

அப்படியானால் நான் சொன்னதுதானே? எல்லாம் ஒரே இடத்தில் இருந்திருந்தால்?

குளிர்தேசம்

ஒரே இடத்தில் இருந்திருந்தாலும் பார்க்கும் ஆள் இல்லை என்றால் அதே கதிதான். கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்காவது இருக்க வேண்டும்.

மருந்தறை

ஃபார்மசியிலிருந்து ஒரு குரல். எங்களை யாரும் கேட்பதே இல்லை, ஆனால் ஆஸ்பத்திரியிலேயே ஒழுங்கான கணக்கு எங்களிடம்தான் இருக்கிறது, ஸ்டாக் குறைந்தால் நாங்கள் பதில் சொல்ல வேண்டுமே. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித்தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல் தொடங்கியது, அந்தக் காலத்து பாஸ்புக் முறையிலிருந்தே எந்த ஆஸ்பத்திரி எந்த மருந்தை எவ்வளவு எடுத்தது என்று இருக்கிறது.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். கேஷுவாலிட்டி ரிஜிஸ்டரில் பாம்புக்கடி என்று எத்தனை, எங்கள் ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) குப்பிகள் எத்தனை வெளியே போயின என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். விஷம் ஏறிய ஒருவருக்கு முதல் டோஸே பொதுவாக 8 முதல் 10 குப்பி. கடி எண்ணிக்கை அதிகம், குப்பி குறைவு என்றால் அது விஷமில்லாத கடியாக இருக்கலாம், அல்லது கொடுக்கப் பயந்து மேலே ரெஃபர் செய்துவிட்டார்கள் என்றும் இருக்கலாம். எந்த மாதம் கூடுகிறது என்று தெரிந்தால் மருந்து கேட்கும் இண்டென்ட்டை அதற்கு முன்னாலேயே போடலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் போடுகிறோம், மழைக்காலத்தில் குப்பி தேடி அலைவது நின்றது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கிவிட்டார்கள், தனியார் ஆஸ்பத்திரிக் கணக்கும் வர வேண்டும், அது வந்தால் இன்னும் தெளிவாகும்.

இதேபோல் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் ஒரு பக்கம், வயிற்றுப்போக்குக்கு எழுதிய ஆன்டிபயாட்டிக் ஒரு பக்கம். வைத்துப் பார்த்தால் சில டாக்டர்களுக்குக் கோபம் வரும், அதனால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

வெளிநோயாளி

நான் மருத்துவத் துறை இல்லை, அம்மாவை அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவன். எல்லோரும் தேடு, சேர், கூட்டு என்கிறீர்கள். அது எங்கள் உடம்புக் கதை அல்லவா? வார்டில் டாக்டர்கள் கேஸ் ஷீட்டைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், பெயர், ஊர், எல்லாம் தெரிய. எங்களைக் கேட்டார்களா?

குளிர்தேசம்

சரியான கேள்வி. இங்கே கேர்.டேட்டா என்று ஒரு திட்டம், குடும்ப டாக்டர்களிடம் இருக்கும் தகவலையெல்லாம் மையமாகச் சேர்ப்பது. 2014ல் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் அனுப்பினார்கள், பலர் அதைக் குப்பைத் தபால் என்று நினைத்தார்கள். தகவல் யாருக்கு விற்கப்படும் என்ற சந்தேகம் கிளம்பி, நிறுத்தி வைத்து, 2016ல் மூடியே விட்டார்கள். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை சிறுநீரகச் செயலிக்காக கூகுள் டீப்மைண்டுக்கு 16 லட்சம் நோயாளிகளின் விவரம் கொடுத்ததும் சட்டப்படி சரியில்லை என்று 2017ல் தகவல் ஆணையர் சொன்னார். நோக்கம் நல்லதாக இருந்தால் போதும் என்று நினைத்து இறங்கியதன் விளைவு. நம்பிக்கை ஒரு தடவை போனால், உருப்படியான வேலைக்கும் சேர்த்துக் கதவு மூடும்.

நுண்நோக்கி

வெளிநோயாளி சார் சொன்னதோடு சேர்த்து சிஸ்டரின் எதிக்ஸ் கேள்விக்கும் பதில். ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறை வழிகாட்டுதல்களில், நிறுவனத்துக்குள்ளேயே நடக்கும் தர ஆய்வு, தணிக்கை ஆகியவை எதிக்ஸ் கமிட்டி பரிசீலனையிலிருந்து விலக்குத் தரக்கூடியவை. அதாவது நீங்கள் செய்யப்போவது அந்த வகை. ஆனால் விலக்கா இல்லையா என்பதைக் கமிட்டிதான் சொல்ல வேண்டும், நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஒரு பக்கம் எழுதி மெம்பர் செக்ரட்டரியிடம் கொடுத்து ஒரு பதில் வாங்கி வையுங்கள். நாளைக்கு இதை ஜர்னலில் போட வேண்டும், யாராவது பிஜி தீசிஸாக்க வேண்டும் என்றால் அது ஆராய்ச்சி, முழு அனுமதி வேண்டும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். சின்ன ஊரில் வயது, கிராமம், பிரசவத் தேதி மூன்றும் சேர்ந்தால் யார் என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். 16 வயதுத் தாய் என்றால் கேட்கவே வேண்டாம். உங்கள் வரியில் கிராமம் எதற்கு? தேவையில்லாத கட்டத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். ஐ.பி. நம்பர் இருக்கும் நோட்டு பூட்டிய அலமாரியில், கணக்குத் தாளில் வரிசை எண் மட்டும். எச்.ஐ.வி. விவரம் கண்ணில் பட்டால் எழுதாமல் கடந்து போங்கள், அதற்கென்று 2017ல் தனிச் சட்டமே உண்டு.

வாட்ஸ்அப் படம் பற்றி... அது தகவலை மறுபடி பயன்படுத்துவது இல்லை, சிந்துவது.

யாழ்_மணிக்கூடு

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன், வைத்தியசாலையில் சுகாதாரத் தகவலியல் பக்கம் வேலை. எங்களுக்கு அமைப்பு கொஞ்சம் வேறு. நோயாளர் விடுதியில் (வார்டில்) சேர்ந்தால் பெட் ஹெட் டிக்கெட் என்று ஒரு கட்டு, அதில்தான் எல்லாம். அவர் வீட்டுக்குப் போன பிறகு மருத்துவப் பதிவு அலுவலர் அதைப் பார்த்து ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய்க் குறியீடு போட்டு இ-ஐ.எம்.எம்.ஆர். என்ற இணைய முறையில் ஏற்றுவார். நாடு முழுக்க அரச வைத்தியசாலைகளில் என்ன நோய்க்கு எத்தனை பேர் படுத்தார்கள் என்று அதிலிருந்து எடுக்கலாம். குறியீடு போடுபவர் பாவம், வைத்தியரின் கையெழுத்தைப் படிக்க வேண்டும், கடைசியில் என்ன நோய் என்று எழுதும் இடம் வெறுமையாக இருந்தால் ஊகிக்க வேண்டும்.

எங்களுக்கு உள்ள ஒரு நல்ல விஷயம், கொழும்பில் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தில் வைத்தியர்களுக்கு மருத்துவத் தகவலியலில் முதுமாணி நடத்துகிறார்கள், அதை முடித்தவர்கள் வைத்தியசாலைகளிலேயே வேலை செய்கிறார்கள். விடுதியும் தெரியும், தரவும் தெரியும். 2020 தொடக்கத்தில் கொவிட் வந்த நேரம், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் டி.எச்.ஐ.எஸ்.-2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருள் இங்கே ஏற்கெனவே பாவனையில் இருந்தபடியால் ஜனவரி முடிவதற்குள் அதில் கண்காணிப்பு முறையைக் கட்டிவிட்டார்கள், பிறகு வேறு நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன. புதிதாக ஒன்றை வாங்கப் போயிருந்தால் டெண்டரே முடிந்திராது.

ஆனால் சகோதரி, எங்கள் தாதியரும் உங்கள் குறையைத்தான் சொல்வார்கள், அனுப்புகிறோம், திரும்பி வருவதில்லை என்று. ஒரு விடுதியில் மாதம் ஒருமுறை அவர்களது கணக்கையே வரைபடமாக்கி தாதியர் அறைச் சுவரில் ஒட்டினோம், பெயர் எதுவும் இல்லாமல். அடுத்த மாதமே வெறுமையாக விடும் இடங்கள் குறைந்தன, யாரும் உத்தரவு போடவில்லை.

இரவுடியூட்டி_பிஜி

நடுவில் வருகிறேன். தனி நோயாளிக்கே இது உதவும் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு கதை ஒன்று உண்டு. 13 வயதுப் பெண், லூபஸ் என்ற நோயெதிர்ப்புக் கோளாறு, சிறுநீரகத்தில் புரதம் கசிகிறது, கணைய அழற்சி. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கலாமா என்பது கேள்வி. புத்தகத்தில் இல்லை, கட்டுரையில் இல்லை, சீனியர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கருத்து. ஜெனிஃபர் ஃப்ராங்கோவிச் என்ற டாக்டர் தங்கள் ஆஸ்பத்திரியின் பழைய மின்பதிவுகளிலேயே தேடினார். 98 லூபஸ் குழந்தைகள், அதில் 10 பேருக்கு ரத்தக்கட்டி, இந்தப் பெண்ணுக்கு இருந்த அதே சிக்கல்கள் உள்ளவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். நான்கு மணி நேரத்துக்குள் தேடி முடித்து, அட்மிட் ஆன 24 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினார்கள். 2011ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் எழுதினார்கள். பின்னால் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர்கள் இப்படிக் கேள்வி கேட்டால் தேடிச் சொல்லும் ஒரு சேவையாகவே நடத்திப் பார்த்தார்கள்.

நுண்நோக்கி

நல்ல கதை, நானும் வகுப்பில் சொல்வதுண்டு. ஆனால் 98 பேரில் 10 என்பது சோதனை ஆய்வு இல்லை, அதை அவர்களே கட்டுரையில் ஒத்துக்கொள்கிறார்கள். மருந்து கொடுத்ததால் நல்லதா என்று அந்தக் கணக்கு சொல்லாது, ஆபத்து இருக்கிறது என்று மட்டும் சொல்லும். மருந்து வேலை செய்கிறதா என்று கேட்டால் ரிக்கவரி என்ற கொவிட் மருந்துச் சோதனை மாதிரிச் செய்ய வேண்டும். 2020 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கினார்கள், சீட்டுக் குலுக்குவது போல் நோயாளிகளைப் பிரித்து, முடிவை மட்டும் தேசிய சுகாதாரச் சேவையில் ஏற்கெனவே சேரும் பதிவுகளிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கப் படிவம்தான் டாக்டர்களுக்கு. ஜூன் 16 அன்று டெக்சாமெத்தசோன் முடிவு வந்துவிட்டது, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ரொம்ப மலிவான மருந்து.

தென்றல்_ஸ்டாஃப்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நேற்று கையில் கிடைத்த கொஞ்சம் கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். வெப்பநிலைக் கட்டம் பெரும்பாலும் நிரம்பித்தான் இருக்கிறது, ஆனால் சந்தேகத்துக்குரிய அளவுக்கு எல்லாக் குழந்தைக்கும் 36.5. இரவு ஷிப்ட் ஷீட்டுகளில் இன்னும் அதிகம். அதைவிட, 35க்குக் கீழே ஒன்றுகூட இல்லை. எங்களிடம் இருப்பது சாதாரண தெர்மாமீட்டர், அது 35க்குக் கீழே இறங்காது என்று அப்புறம்தான் உறைத்தது. ஆக ரொம்பச் சில்லிட்ட குழந்தை எவ்வளவு சில்லிட்டது என்பதே எங்கள் ரிஜிஸ்டருக்குத் தெரிய வழியில்லை.

கேஷுவாலிட்டி24

இதுதான் கண்டுபிடிப்பு! எண்ணவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் லோ ரீடிங் தெர்மாமீட்டர் வாங்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. 36.5 என்பது இயல்புக்கான கீழ் எல்லை, அதனால் அங்கே கை தானாகப் போகும். பி.பி.யில் எல்லோருக்கும் 120/80 வருவது போல. அந்தக் குவியலையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஷிப்ட்டில் அளக்க நேரமில்லை என்று அது சொல்கிறது. ஆள் பற்றாக்குறையைக் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தயவுசெய்து யார் கையெழுத்து என்று மட்டும் பார்க்காதீர்கள்.

தென்றல்_ஸ்டாஃப்

கையெழுத்து பார்க்க மாட்டேன், நானும் இரவு டியூட்டி பார்ப்பவள்தான்.

இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். எதிக்ஸ் கமிட்டிக்கும் ஆர்.எம்.ஓ.வுக்கும் (நிலைய மருத்துவ அலுவலர்) ஒரு பக்கக் கடிதம், குழந்தைகள் டாக்டர் மேடத்தையும் சேர்த்துக்கொண்டு, அவர் பெயரும் கடிதத்தில் இருக்கும். போன மூன்று மாத இன்பார்ன் அட்மிஷன், குழந்தைக்கு ஒரு வரி: பிறந்த நேரம், சேர்ந்த நேரம், பிரசவ முறை, எடை, வெப்பநிலை. 36.5க்குக் கீழே, 36க்குக் கீழே என்று இரண்டாகப் பிரிப்பேன். ஊர், பெயர் எழுத மாட்டேன். தியேட்டர் ஏ.சி. எத்தனையில் ஓடுகிறது என்று எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை, அதை மட்டும் சுவர்த் தெர்மாமீட்டரில் நேரில் பார்த்துக்கொள்வேன். பிரசவம் நடக்கும் அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று பயிற்சியில் சொன்னது நினைவிருக்கிறது, எங்கள் தியேட்டரில் எனக்கே குளிரும். மாதவாரியாகப் புள்ளி வைத்து எஸ்.என்.சி.யூ. சுவரிலும் லேபர் ரூம் சுவரிலும் ஒட்டுகிறோம். எக்செல் எனக்கு அவ்வளவாக வராது.

கோட்எழுதி

எக்செல் ஷீட் நான் செய்து தருகிறேன் சிஸ்டர். 36.5 எத்தனை தடவை வருகிறது என்று தனியாகக் காட்டும், வெப்பநிலை காலியாக இருந்தால் மஞ்சளாகும், ஒரே வரி இரண்டு தடவை வந்தால் சிவப்பாகும். பெயர் போடக் கட்டமே இருக்காது. ஏ.ஐ. கிடையாது, பயப்படாதீர்கள். ஒரே ஒரு கேள்வி, மூன்று மாதத்துக்கு மூன்று புள்ளிதானே வரும், அதில் என்ன தெரியும்?

கேஷுவாலிட்டி24

மாதவாரியாக வேண்டாம், வாரவாரியாகப் போடுங்கள். நடுவே மீடியன் கோடு ஒன்று, பாதிப் புள்ளி மேலே, பாதி கீழே வரும்படி. ஏதாவது மாற்றிய பிறகு, உதாரணத்துக்கு ஏ.சி.யை ஏற்றி வைத்த பிறகு, தொடர்ந்து ஆறு புள்ளி கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் குறைந்ததைப் பார்த்து கேக் வெட்ட வேண்டாம். அட்மிஷன் ரொம்பக் குறைவாக இருக்கும் வாரங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். புது தெர்மாமீட்டர் வந்த தேதியையும் தாளில் குறித்து வையுங்கள், அன்றிலிருந்து எண்ணிக்கை கூடினால் குழந்தைகள் சில்லிட்டதால் அல்ல, இப்போதுதான் தெரிய ஆரம்பித்தது என்று பிறகு வருபவருக்குப் புரியும்.

பழையகட்டு

ஒன்றே ஒன்று, எம்.ஆர்.டி.க்கு, அதாவது மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போகும் முன். கேஸ் ஷீட் கட்டுகளைப் பல இடங்களில் டிஸ்சார்ஜ் தேதிப்படி அடுக்கியிருப்பார்கள், அட்மிஷன் தேதிப்படி இல்லை. எஸ்.என்.சி.யூ. குழந்தை வாரக்கணக்கில் இருந்திருக்கும், அதனால் மூன்று மாத அட்மிஷனுக்கு நாலாவது மாதக் கட்டும் வேண்டும். இறந்த குழந்தைகளின் ஷீட் தனிக் கட்டில் இருக்கும், அதை மறந்தால் ரொம்பச் சில்லிட்டு வந்தவர்கள்தான் முதலில் விடுபடுவார்கள். ஐ.பி. நம்பர் பட்டியலை எஸ்.என்.சி.யூ. அட்மிஷன் ரிஜிஸ்டரிலிருந்து எழுதிக்கொண்டு போய் முந்தின நாளே அங்கிருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், எடுத்து வைப்பார். நேரே போய் நின்றால் அன்றைக்குக் கோர்ட் சம்மன் வந்து உட்கார்ந்திருப்பார்.